மூன்று முளைகளுக்காக வாதாடிய லோகநாயகி

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு லோகநாயகியின் கணவர் பாண்டுரங்கன் கைபேசியில் அழைத்தார். நான் பூந்தமல்லியில் பேருந்துக்காக நின்றிருந்தேன்.

"சார், லோகா போய்ட்டா சார்."

"கிளம்பிட்டாங்களா? சரிங்க, நானும் அரை மணி நேரத்துல வந்துர்றேன்" என்றேன்.

"ஆபீசுக்கு இல்ல சார். செத்துப் போய்ட்டா" என்றார். "செருப்பு மாட்டிகினு இருந்தா. அப்பிடியே படில ஒக்காந்துட்டா சார்."

நான் ஏறவேண்டிய பேருந்து வந்து நின்று போயிற்று. லோகாவுக்கு நாற்பத்தாறு வயது. மருத்துவமனையில் இதயம் என்று சொன்னார்களாம். முந்தின நாள் மாலை ஐந்தரைக்கு, குளிர் அறைக் கதவின் ரப்பர் பிய்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவர். மெக்கானிக் வந்து ரப்பரை மாற்றிவிட்டார். எனக்குத்தான் இன்னும் எதுவும் விளங்கவில்லை.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் எங்கள் விதை வங்கிக்கு வந்துபோன எல்லோருக்கும் லோகாவைத் தெரியும். நாட்டின் பல மூலைகளில் பயிரான பழைய கோதுமை ரகங்களைக் குளிர் அறையில் வைத்துக் காக்கிறோம். நெல் விளையும் ஊரில் கோதுமைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவர்தான் பதில் சொல்வார்: "மாவாக்கிட்டா எல்லாம் ஒண்ணுதான். வயல்ல ஒண்ணா இருந்துச்சுன்னா, ஒரே நோவு வந்து மொத்தத்தையும் வாரிகினு போய்டும். அதுக்குத்தான் தினுசு தினுசா வெச்சிகினு கீறோம்."

அவருடைய பெற்றோர் பட்டாபிராம் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். லோகா பன்னிரண்டாவது முடித்து, அம்பத்தூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தார். அந்தக் கண்ணோடுதான் எங்களிடம் வந்தார்.

ஒரு நவம்பரில், மலைக்கிராமம் ஒன்றிலிருந்து எப்போதோ வந்த சம்பா கோதுமையைச் சோதித்தோம். ஈரத்தாளில் பரப்பிய நூறு விதைகளில் மூன்றுதான் முளைத்தன. அதே பெயரில் நல்ல விதை வேறு பெட்டியில் இருந்ததால், இதைக் கழித்துவிடலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னா சார், மூணு உசுரு கீதே" என்றார் லோகா. "அந்தப் பெட்டில கீற விதைக்கு உமி வெளுப்பு. இதுக்குச் செவப்பு."

"பழைய விதை, நிறம் மாறியிருக்கும். விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு லோகா."

அவர் மூன்று நாற்றையும் நெமிலிச்சேரியில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் நட்டிருக்கிறார். தெரிந்ததும் நான் கோபப்பட்டேன். விளக்கம் கேட்டுக் கடிதமும் கொடுத்தேன். கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். விளக்கம் தரவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, பழைய வேட்டித் துணியில் சுற்றிய கதிர்களை என் மேசைமேல் பிரித்து வைத்தார். குருவி கொத்தாமலிருக்கக் கொசுவலை கட்டி வளர்த்தவை. "மீசையப் பாருங்க சார்" என்றார். மற்றப் பெட்டியின் ரகத்துக்கு நாங்கள் வைத்திருந்த மாதிரிக் கதிரையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். உமி நுனியில் முடிபோல் நீளும் மீசையின் அளவு, கதிரின் நிறம், மணி அடுக்கிய விதம், எல்லாமே வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று. நான் கழிக்கச் சொன்னது எங்களிடம் வேறெங்கும் இல்லாத ரகம்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

"அத வுடுங்க சார். மொதல்ல லேபிள மாத்துங்க."

அந்த மணிகளில் பாதியைக் குளிர் அறையில் வைத்தோம். மீதியை வாங்கிப்போக அந்த மலைக்கிராமத்திலிருந்து பெரியசாமி என்ற விவசாயி வந்தார். அவர்கள் ஊரில் அந்த விதை எப்போதோ அற்றுப்போயிருந்தது. அவருக்குக் கொடுக்க இருந்த விதை ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. லோகா அதை இரண்டு பொட்டலமாகக் கட்டி, "ரெண்டையும் ஒரே எடத்துல போட்ராதீங்க அண்ணா" என்று சொல்லிக் கொடுத்தார். லோகா சொன்னபடியே பெரியசாமி இரண்டு இடத்தில் விதைத்து, இரண்டு போகம் பெருக்கினார்.

லோகா இறந்த ஒன்பதாம் நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. பெரியசாமி.

"அந்தம்மா இருக்காங்களா? நான் அவங்ககிட்டயே சொல்லணுங்க. இங்க எல்லா கோதுமையிலயும் துரு நோய் விழுந்துருச்சு. அவங்க கொடுத்தது மட்டும் பச்சையா நிக்குது. நாலஞ்சு தட்டைதான் போச்சு."

லோகா இறந்துவிட்டதைச் சொன்னேன். நம்பாமல், "போன வாரம்கூடப் பேசுனாங்களே" என்றார். நானும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது முளைப்புச் சோதனைகளை நானே எண்ணுகிறேன். விதையை ஈரத்தாளில் பரப்பிய எட்டாம் நாள் எண்ணி முடித்துத் தாளை எறிவது வழக்கம். லோகா மட்டும், "இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும் சார்" என்று ஈரம் தெளித்து மூடிவைப்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு நாள். சென்ற வாரம் ஒரு தட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. தண்ணீர் தெளித்து மூடினேன். ஒன்பதாம் நாளும் முளைக்கவில்லை. பத்தாம் நாள் காலையிலும் போய்த் திறந்து பார்த்தேன்.