அப்பா டெஸ்ட்

என் அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஒரு கம்பெனி தன் பொருட்களையே கெடுக்கச் சொல்கிறது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. கார்களுக்குள் ஒளிந்திருக்கும் மின்னணுப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி அது. கதவைப் பூட்டும் பெட்டி, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பெட்டி என்று எல்லாம் சோப்பு டப்பா அளவுதான். விற்பனைக்குப் போகுமுன் அவை அக்காவின் மேசைக்கு வரும். அவள் அவற்றைச் சூட்டில் வாட்டுவாள், குளிரில் உறைய வைப்பாள், குலுக்குவாள், உப்புத் தண்ணீர் தெளிப்பாள். தாங்கினால் பாஸ். தாங்காவிட்டால் அன்று வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வருவாள்.

வீட்டிலும் அவள் கை சும்மா இருக்காது. புது மிக்ஸி வாங்கினால் அதை அக்காவின் கண்ணில் படாமல் வைப்பதுதான் அம்மாவின் முதல் வேலை.

கம்பெனி சொல்லிக்கொடுத்த சோதனைகள் போதாதென்று அக்கா சொந்தமாகவும் சில வைத்திருந்தாள். எல்லாம் எங்கள் குடும்பத்தாரைப் பார்த்துச் செய்தவை. கைப்பையைப் பொத்தென்று பட்டன்கள் மேல் போடுவது சித்தி டெஸ்ட். அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கதவை அறைவது பெரியப்பா டெஸ்ட். இருப்பதிலேயே கடினமானது அப்பா டெஸ்ட்.

எங்கள் அப்பா பட்டனை அமுக்கமாட்டார், அதட்டுவார். வண்டியை நிறுத்துவார், கண்ணாடியை ஏற்றுவார், அது மேலே போய்ச் சேரும்வரை பொறுக்காமல் சாவியைத் திருப்பி அணைப்பார். கண்ணாடி பாதியில் நிற்பதைப் பார்த்து எரிச்சலாகி மறுபடி சாவியைப் போட்டு, மறுபடி பட்டனை அதட்டுவார். பெற்ற பிள்ளைகளாலேயே அவரைச் சமாளிக்க முடியாதபோது ஒரு சோப்பு டப்பா என்ன செய்யும்?

புதிதாக வந்த கண்ணாடிப் பெட்டி அங்கேதான் மாட்டிக்கொண்டது. கண்ணாடி ஏறும்போது குறுக்கே கையோ தலையோ வந்தால், அது நின்று கீழே இறங்கிவிட வேண்டும். அதற்குக் கண்ணாடி எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதியில் சாவியை அணைத்து உடனே போட்டால், சில சமயம் அந்தக் கணக்கு பெட்டிக்கு மறந்துபோனது. பிறகு குறுக்கே எது வந்தாலும் கண்ணாடி பாட்டுக்கு ஏறியது. ஜன்னல் வழியே தலையை நீட்டி வேடிக்கை பார்க்கிற குழந்தையை நினைத்து அக்கா அன்று மட்டும் சிரிக்கவில்லை.

வார இறுதியில் இந்தப் பெட்டிகளோடு முதல் லாரி கிளம்ப வேண்டும். மேனேஜர் கெட்டவரில்லை, லாரி அவசரத்தில் இருந்தவர். யாரும்மா இப்படி வண்டி ஓட்டுவாங்க என்று கேட்டார்.

"எங்கப்பா ஓட்டுவார் சார்."

"ஒருத்தருக்காக லாரியை நிறுத்தச் சொல்றியா?"

"கூட்டிட்டு வர்றேன். நீங்களே பாருங்க."

பேச்சு முடிவானது. சொல்லிக்கொடுக்காமல் அப்பா தானாகவே அப்படிச் செய்து, கண்ணாடியும் தவறினால் லாரி நிற்கும். இல்லையென்றால் போகும்.

இதற்குப் பிறகு நடந்ததை அக்கா ஒரு மாதிரியும் அப்பா ஒரு மாதிரியும் சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டி வகுத்து எழுதுகிறேன்.

சாதாரண ஓட்டுநர் ஒருவரின் கருத்து வேண்டும் என்று மட்டும்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் தேய்த்த சட்டை போட்டு, தலை வாரி, புதுப் பெட்டி மாட்டிய சோதனைக் காரில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றச் சொன்னார்கள். ஒற்றை விரலால் பூப்போலத் தொட்டார். அது மேலே போய்ச் சேரும்வரை காத்திருந்தார். பிறகுதான் சாவியை அணைத்தார். இன்னொரு முறை செய்யச் சொன்னதும் அதே பணிவு. இந்த மனிதரை வீட்டில் நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"தங்கமான மனுஷன்மா உங்கப்பா," என்றார் மேனேஜர். லாரி கிளம்பிவிட்டது என்றே அக்கா நினைத்தாள். வீட்டில் செய்வதுபோலச் செய்யுங்கள் என்று சொன்னால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கண்ணாடியை இறக்கச் சொல்லிக் குனிந்து, மிக அன்பாகப் பேசினாள்.

"போதும்பா, இனிமே எதையும் தொடாதீங்க. இது புது மாதிரி வண்டி. உங்களுக்குப் புரியாது."

அப்பாவின் காது சிவந்தது.

"எனக்கா புரியாது?"

நிலைமை தெரியாத மேனேஜர், வெயிலில் வந்தவருக்குக் குடிக்கக் கொடுப்போம் என்று ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. பட்டனை ஓர் அதட்டு, சாவி அணைந்தது, சாவி விழித்தது, இன்னோர் அதட்டு. கண்ணாடி ஏறியது. பாட்டிலில் முட்டி இறங்கவேண்டிய கண்ணாடி இறங்கவில்லை. மேனேஜர் கையை உருவிக்கொண்டார். பாட்டில் நசுங்கி, தண்ணீர் முழுவதும் அவர் மார்பில் பீய்ச்சியது.

அப்பா பதறிப்போனார். "ஒரே ஒரு தடவைதான் சார் அமுக்கினேன். உங்க வண்டியிலதான் ஏதோ கோளாறு."

மேனேஜர் நசுங்கிய பாட்டிலையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமா சார், கோளாறுதான்," என்றவர், அக்காவிடம் திரும்பி லாரியை நிறுத்தச் சொன்னார்.

தன்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அப்பாவுக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அதன்பின் அக்காவோடு அவர் பேசியதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான்.

திருத்திய பெட்டி வந்தது. கணக்கு மறந்துபோனால் கண்ணாடி இனி தானாக ஏறாது, பட்டனை விடாமல் பிடித்திருந்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அக்கா அதை வேகவைத்தாள், உறைய வைத்தாள், சித்தியையும் பெரியப்பாவையும் ஏவிவிட்டாள், அப்பா டெஸ்டைத் தலைகீழாகவும் செய்து பார்த்தாள். எதற்கும் அது அசையவில்லை. விளையாட்டில் தோற்ற குழந்தைபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா சுவரிலிருந்து பார்வையைத் திருப்பினார். "என்ன, உடையலையா?"

"உடையவே மாட்டேங்குதுப்பா."

"நான் வேணா ஒருதடவை வந்து பாக்கட்டுமா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்திருக்கும்.

"வேணாம்பா," என்றாள். "லாரி போகட்டும்."