பந்து ஆபீசும் நாலாம் நம்பர் களமும்

டென்னிஸ் கோர்ட்டுக்குத் தரை பார்ப்பவனுக்கு இரண்டு எதிரிகள் உண்டு: ஒன்று மழை, இன்னொன்று மழை பெய்யாத நாளில் கோர்ட்டுக்குள் வந்து நிற்கிற மனிதர்கள். வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் அதன் மேலேயே சைக்கிளை விடுகிற ஆள் உங்கள் வீட்டிலும் இருப்பார். இருந்தால் நீங்களும் என் கட்சிதான், மேலே படியுங்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற ரோட்டில் எங்கள் தேசிய டென்னிஸ் பயிற்சி மையம் இருக்கிறது. நான் சொல்வது மாவட்டம் பிரியாத காலத்துக் கதை. மலைக்காற்று மூச்சுக்கு நல்லது என்று டெல்லியில் யாரோ முடிவு செய்து கட்டிவிட்டார்கள். நாலு செம்மண் கோர்ட், ஒரு விடுதி, பதினாறு பெண்கள், சென்னையிலிருந்து வந்த கோச் ஒருவர், தரைக்கு நான். தினமும் உளுந்தூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவேன். கோடு ஒரு விரல்கடை கோணினாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. முன்கோபக்காரன் என்று பெயர். பெயர் சரிதான்.

மனு கொண்டுவந்தவர்

வாசலில் பெரிய போர்டும் அதன் மேல் சிங்க முத்திரையும் இருந்ததால், சுற்று வட்டாரத்தில் எங்களுக்கு 'பந்து ஆபீஸ்' என்று பெயர். ஒருநாள் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி மஞ்சள் பையோடு வந்து நின்றார். பட்டா மாற்ற வேண்டுமாம். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், இது பந்து ஆடுகிற இடம், பட்டா எல்லாம் இங்கே கிடையாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முன்கோபக்காரனுக்கும் சில நாள் நல்ல நாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து மனுவை எடுத்து என் கையில் வைத்தார்.

"எத்தினியோ ஆபீஸ் ஏறி எறங்கிட்டேங்க. குந்த வச்சி தண்ணி குடுத்தது நீங்க ஒருத்தர்தான். மனுவ இங்கயே வாங்கிக்குங்க."

நாற்காலி மேல் ஒரு பரண்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று, தூரத்திலிருந்தே என் நாலாம் நம்பர் கோர்ட் மஞ்சளாகத் தெரிந்தது. கிட்டே போனால் ஒரு கோடு பாக்கியில்லாமல் மக்காச்சோளம். நடுவர் உட்காருகிற உயரமான நாற்காலியில் ஒரு பெண்மணி கையில் கோலோடு உட்கார்ந்து, சோளக்கொல்லைப் பரணில் இருப்பது போல மைனா ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அஞ்சலை. பக்கத்துக் காலனியில் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் தலைவி, என் வயதுதான் இருக்கும்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அஞ்சலை அவசரமே இல்லாமல் இறங்கினார். மையம் வருவதற்கு முன் அந்த இடம் தானியம் காயவைக்கிற ஊர்ப் பொதுக்களமாக இருந்ததாம். வேலி போட்டபோது வேறு களம் கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் அதோடு போனவர்கள்தானாம். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன்.

"இன்னாங்க சும்மா கத்திக்கினு? பந்து அடிக்க நாலு களம் கீது. நாப்பது வூட்டு சோளத்துக்கு ஒண்ணு கூட இல்ல. நாயத்த நீங்களே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை டிரில்

அன்றிலிருந்து எனக்கும் அஞ்சலைக்கும் யுத்தம். நான் வேலிக்கு முள் வைப்பேன், அவர் எடுத்து அடுப்புக்கு வைப்பார். கடைசியில் வேலிக்கு வெளியே ரோட்டோரம் காயவைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே லாரி பாதி, மாடு பாதி என்று சோளம் போவதை நானும் தினமும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன் என்பதுதான் உண்மை.

எங்கள் பதினாறு பேரில் கெட்டிக்காரி செல்வி. வெள்ளிமலைப் பெண், பத்தொன்பது வயது. அவள் அம்மா அறுவடைக் காலத்தில் மலையிலிருந்து இறங்கி அஞ்சலை கோஷ்டியோடு வேலை செய்வார். ஞாயிற்றுக்கிழமையானால் செல்வி வேலியைத் தாண்டிப்போய் அம்மாவோடு சோளம் கிளறுவாள். எங்கள் பக்கத்தில் அதைக் கையால் கிளற மாட்டார்கள். பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல், சோளத்துக்குள் இழுத்து இழுத்து, ஏர் ஓட்டிச் சால் விட்டமாதிரி போய்க்கொண்டே இருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கினால் சோளம் புரளாது.

ஒரு ஞாயிறு கோச் அதைப் பார்த்துவிட்டார். ஓய்வு நாளில் காலைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று அவருக்குக் கொதிப்பு. "இது எந்த ஊர் டிரில்?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டார். செல்வி நிற்கவில்லை, கிளறிக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா டிரில் சார். இது முடியாம அவுங்க சாப்புட விடமாட்டாங்க."

டெல்லித் தபால்

பிறகு ஒரு தபால் வந்தது. கோச் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாவது தடவை எனக்காகத் தமிழில் சொன்னார். மையம் சரியாக நடக்கவில்லை என்று மேலே ஒரு பேச்சு. மூடிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கடைசியாக ஒரு கமிட்டி வரும். அன்றைக்கு வேறொரு மையத்து அணியும் வரும். மூன்று கோர்ட்டில் மூன்று ஆட்டம் அவர்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். கோர்ட் சரியில்லை, ஆட்டம் நடக்கவில்லை என்றால் அன்றே பூட்டு.

பதினாறு பெண்களும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தரை பார்ப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. செல்வி அன்று சாயங்காலம் சுவரில் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றபாடில்லை. என்னால் கேட்க முடியாமல் வெளியே வந்தேன். ரோட்டோரம் அஞ்சலை சோளத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். எதிரி என்றாலும் பழகிய எதிரி, விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"உங்க வேலை போறது பாவந்தாங்க. ஆனா எங்க களம் திரும்பி வருதுன்னா, வேணாம்னா சொல்லுவோம்?"

உமிச் சாம்பல்

கமிட்டி வருகிற நாள் விடியலில் மழை பிடித்துக்கொண்டது. மாதக் கணக்கில் பெய்யாத மழை. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விட்டுவிட்டது, ஆனால் நாலு கோர்ட்டும் நாலு குட்டை. பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளத் தள்ள, மேல்மண் சேறாகிக் கூடவே வந்தது. கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்து உருளை மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அஞ்சலை வேலி ஓரமாக நின்று பார்த்தார். உள்ளே வந்தார். நேராக என் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தார். "ஈரக் களத்துல யாராச்சும் தொடப்பம் வைப்பாங்களா? இத்தினி வருசமா இன்னாதான் வேலை பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போனவர், இருபது பெண்களோடு திரும்பினார். தலையில் காலிச் சாக்குகள், கூடைகளில் ரைஸ்மில் உமிச் சாம்பல்.

முதலில் சாக்கைத் தரையில் விரித்து அதன் மேல் மெல்ல மிதித்தார்கள். தண்ணீர் சாக்குக்குள் ஏறியது. வேலிக்கு வெளியே கொண்டுபோய்ப் பிழிந்து மறுபடி விரித்தார்கள். குட்டை வற்றியதும் சாம்பலை மாவு தூவுவது போலத் தூவி, வெயிலுக்கு விட்டுவிட்டு வெற்றிலை போட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "தொடாதீங்க, களம் தானா சொல்லும்" என்று அதட்டி உட்காரவைத்தார் அஞ்சலை. சாம்பல் வெளுத்ததும் பூந்துடைப்பத்தால் ஒரே பக்கமாகக் கூட்டினார்கள். பதினொன்றரைக்கு மூன்று கோர்ட்டும் உருளைக்குத் தயார். இருந்த அரை மணியில் ஓடி ஓடிக் கோடு போட்டேன். ஆனால் கோடு கோணவில்லை.

அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போயிற்று. களம் திரும்பி வருகிற வாய்ப்பும் போயிற்று. ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அஞ்சலைக்கு என் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"யாரு களமுன்னு அப்பால பேசிக்கலாம். ஈரமா கெடக்கற களத்தப் பாத்துட்டு சும்மா போனா, எனக்கு சோறு எறங்காதுங்க."

மூட வந்தவர்

கமிட்டித் தலைவர் உயரமானவர், சிரிக்காதவர். மையத்தை மூடச் சொல்லும் அறிக்கையைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார் என்று கோச் காதில் சொன்னார். கையெழுத்துதான் பாக்கி. மூன்று கோர்ட்டையும் சுற்றி வந்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய சாம்பலையும், மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் செல்வி முதல் செட்டைத் தோற்றாள். இரண்டாவது செட்டில்தான் பார்த்தேன்: மழை பார்த்த மண்ணில் எதிராளிப் பெண் ஓடி ஓடிக் கால் வழுக்கினாள். செல்வி ஓடவே இல்லை. பாதத்தை எடுக்காமல் இழுத்துக்கொண்டு போய்ப் பந்துக்குப் பக்கத்தில் சரியாக நின்றாள். மண்ணில் சால் சாலாகத் தடம் விழுந்தது. மரத்தடியில் அவள் அம்மா எழுந்து நின்றுவிட்டார். அந்த செட்டும் அடுத்த செட்டும் செல்விக்கே. கடைசிப் பந்தை அவள் கோட்டின் மேல் இறக்கினாள், என் கோட்டின் மேல்! இருபது பெண்களும் போட்ட குலவையில் கமிட்டித் தலைவர் ஒரு அடி பின்னால் போனார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. உருளையைக் கட்டிப்பிடித்தேன் என்று கோச் சொல்கிறார்.

இப்படிச் சறுக்கி ஆட எங்கே பழகினாய் என்று தலைவர் கேட்டார். செல்வி வேலிக்கு வெளியே ரோட்டைக் கைகாட்டினாள். கோச் விளக்கமாகச் சொல்ல, அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். இந்தப் பெண்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். அஞ்சலை நாலு விரலைக் காட்டி, காலியாகக் கிடந்த நாலாம் கோர்ட்டைப் பார்த்தார். டெல்லிக்காரருக்கே புரிந்துவிட்டது.

அடுத்து வந்த தபாலில் இரண்டு விஷயம். மையம் தொடர்ந்து நடக்கும். நாலாம் எண் ஆடுகளத்தை அறுவடை மாதங்களில் ஊர் மக்கள் பயன்படுத்தலாம். முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்கா. தபால் வந்த மறுநாளே நாலாம் நம்பர் மஞ்சளாகிவிட்டது. மூன்றாம் நம்பரில் பெண்கள் ஆடிக்கொண்டிருக்க, அஞ்சலை நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கோலை நீட்டிச் சட்டம் சொன்னார்.

"பாத்து அடிங்க கண்ணுங்களா! சோளத்துல வுழுந்த பந்து எங்களுது."

பந்து ஆபீசுக்குத் தரை பார்த்தவன் நான்தான் என்று என் ரிடையர்மென்ட் விழாவில் எல்லோரும் புகழ்ந்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அஞ்சலை என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்து, பாதியில் எழுந்து, அந்த மழை நாளில் தரை பார்த்தது யார் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன்.