பெயர் வெட்டிய கொப்பி

2015 ஜனவரி 8, வியாழக்கிழமை, ஜனாதிபதித் தேர்தல். மறுநாள் பகல் அப்பாவும் சித்தப்பாவும் கதைப்பதை நிறுத்தினார்கள். அதற்கடுத்த வியாழக்கிழமை தைப்பொங்கல். இந்தத் திகதிகளைப் பழைய கலண்டரில் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். மற்றவற்றுக்கு என் ஞாபகமும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும்தான் ஆதாரம். கொப்பி முழுமையாக இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

எங்கள் வளவு சுன்னாகத்துக்குக் கிட்ட, ஒரு செம்மண் ஒழுங்கையின் நடுவில் இருக்கிறது. அம்மாவுக்கும் அம்மாவின் தங்கையான சித்திக்கும் சீதனமாக வந்த காணி. வீடு இரண்டு, கிணறு ஒன்று. வேலி இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் அந்தக் காணிக்கு மாப்பிள்ளைகளாக வந்து சேர்ந்த சகலர்கள். கிணற்றடிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து, இரண்டு வீட்டுக்கும் ஒரே பானையில் பொங்குவது வழக்கம்.

அப்பா கமக்காரர். கிழங்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்காத நேரமெல்லாம் தன் கட்சிக்காகச் சைக்கிளில் திரிவார். சித்தப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய கட்சி சிறியது. அப்பாவின் கட்சி எதைச் சொன்னாலும் அதை மறுத்து ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கும். அந்தத் தேர்தலில் அப்பாவின் கட்சி ஒருவருக்கு வாக்களிக்கச் சொன்னது. சித்தப்பாவின் கட்சி ஒருவருக்கும் வாக்களிக்க வேண்டாம் என்றது. அப்பாவின் சின்னவிரலில் மை இருந்தது. சித்தப்பாவின் விரல் சுத்தமாக இருந்தது.

பதவியில் இருந்தவர் தோற்றார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே சந்தோசம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சனம் ஏன் அப்படிப் போட்டது என்று ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

“கட்சி சொன்னது, சனம் கேட்டது. அவ்வளவுதான்” என்றார் அப்பா.

“உங்கடை கட்சி நித்திரையாலை எழும்ப முதலே சனம் முடிவெடுத்திட்டுது, அண்ணை. சனம் முன்னாலை போகுது. நீங்கள் பின்னாலை ஓடிப்போய், நாங்கள்தான் வழி காட்டினது எண்டுறியள்.”

“வாக்குப் போடாத ஆளுக்குச் சந்தோசப்பட என்ன உரிமை கிடக்கு?”

“தலையிடி போயிட்டுது எண்டு சந்தோசப்படுறதுக்கு மருந்து குடிச்சிருக்கோணுமோ?”

இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அப்பாவுக்கு அதுதான் கூடுதலாகச் சுட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ‘அண்ணை’ போய்த் ‘தலைவர்’ வந்தது. ‘தம்பி’ போய் ‘வாத்தியார்’ வந்தது. கடைசியில் அப்பா, “நாளைக்கே வேலி போடுறன்” என்றார். “போடுங்கோ, கிணத்துக்குள்ளாலையும் சேத்துப் போடுங்கோ” என்றார் சித்தப்பா.

சனிக்கிழமை காலை உண்மையாகவே ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில், வேலிக்கு நடும் பூவரசங் கதியால்கள் வந்து இறங்கின. அப்பா கயிறு பிடித்து அளந்தார். கயிறு கிணற்றின் நடுவால் போய், பொங்கல் கல் வைக்கும் இடத்தை இரண்டாகப் பிரித்தது. அம்மாவும் சித்தியும் அந்தக் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நின்று உடுப்புத் தோய்த்தார்கள்.

“உவை பிரிக்கட்டும். நீ பயறை வறுத்து வை” என்றார் அம்மா.

“சக்கரை ரெண்டு பானைக்குக் காணாது அக்கா” என்றார் சித்தி.

அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கயிறு பிடித்தால் வேலி வரும் என்றே நம்பினேன். வேலி வந்தால் இரண்டு பானை. சித்தியின் கையால் கிண்டிய பொங்கலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத்தான் முடியும்.

அதைத் தடுக்க எனக்கு ஒரு வழி தெரிந்தது. சனம் ஏன் வாக்களித்தது என்பதுதானே பிரச்சினை? சனம் இதே ஒழுங்கையில்தானே இருக்கிறது? கேட்டால் போயிற்று. புதுத் தவணைக்கு வாங்கிய கொப்பிகளில் ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன். இலக்கம், பெயர், திகதி, நேரம், காரணம். அட்டையில் என் முழுப்பெயரும் வகுப்பும் பாடசாலையும். எதையும் திகதி போட்டு எழுதும் இந்த வியாதி எனக்கு அந்தக் கொப்பியோடு தொடங்கியது.

முதலில் ஓய்வுபெற்ற தபாலதிபர். படலையைத் திறக்காமலே கேட்டார். “ஆர் அனுப்பினது? கொப்பாவோ, சித்தப்பாவோ?”

நானாகத்தான் வந்தேன் என்றதும், “அப்ப எழுது. அரசியலமைப்பு” என்றார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். திருப்திப்பட்டார்.

தையல்கார அக்கா மெஷினை நிறுத்தவில்லை. “கொப்பா வந்து சொன்னவர். அதுதான் போட்டனான்.” பிறகு ஊசியில் நூல் கோர்த்தபடி, “கொப்பாவிட்டை அப்பிடியே சொல்லு, என்ன?” என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஓர் ஐயா இருந்தார். அவருடைய சொந்தக் காணி வடக்கே, இராணுவம் இருந்த எல்லைக்கு உள்ளே. “என்ரை வளவிலை ரெண்டு தென்னை நிக்குது பிள்ளை. அந்தத் தேங்காயை ஆர் பிடுங்குறாங்கள் எண்டு போய்ப் பாக்கோணும். காணியை விடுறன் எண்டு சொல்லுற ஆளுக்குப் போட்டன்.”

“கட்சி சொன்னதோ?”

“தென்னைதான் சொன்னது.”

அவருக்கு அடுத்த வீட்டு அம்மாவின் மகன் கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். அந்த அம்மா என்னை இருத்தி, தேத்தண்ணி தந்தார். “பழைய ஆள், அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லிப்போட்டார். புது ஆளிட்டை முதல்லை இருந்து திருப்பிக் கேக்கலாமெல்லே மோள்” என்றார். காரணம் என்ற பகுதியில் அது கொள்ளவில்லை. நுணுக்கி எழுதினேன்.

இன்னும் சிலர் நன்றாகக் கதைத்துக்கொண்டு வந்து, நான் பேனையைத் திறந்ததும் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனார்கள். ஒரே நாளில் அவ்வளவு வீட்டிலும் பால் காய்ச்சியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ‘பதில் இல்லை’ என்று நேரத்தோடு குறித்தேன்.

ஞாயிறு பின்னேரம் கடைசியாக ஒழுங்கை முகப்பிலிருந்த கடைக்குப் போனேன். அந்தக் கடையை ஓர் அக்கா தனியாக நடத்தினார். தேங்காய் முதல் போன் ரீலோட் வரை எல்லாம் அங்கே கிடைக்கும்.

“நானோ? ஒன்பது வருசமாய் ஒரே மூஞ்சி. அலுத்துப்போச்சு” என்றார். பிறகு கொப்பியைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை.

“நல்ல வேலை பிள்ளை. கொப்பியை இதிலை வைச்சிட்டுப் போ. கடைக்கு வாற ஆக்களிட்டையும் நான் கேட்டு எழுதிவிடுறன்.”

எனக்கு ஓர் உதவியாளர் கிடைத்த பெருமையில் வீட்டுக்கு ஓடினேன். கிணற்றடியில் அப்பா கயிற்றுக்கு இந்தப் பக்கமும், சித்தப்பா அந்தப் பக்கமும், ஒருவரையொருவர் காணாதவர்களாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று அறிவித்தேன். “சண்டை பிடிக்கத் தேவையில்லை. நான் எல்லாரையும் கேட்டிட்டன். ரெண்டு பேரும் சொன்னது பிழை.”

“என்னத்தைக் கேட்டனி?” என்றார் அப்பா.

“ஏன் வாக்குப் போட்டவை எண்டு. கொப்பியிலை கிடக்கு.”

சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். “பேரோடையோ எழுதினனி?”

“ஓம். பேர், திகதி, நேரம், எல்லாம்.”

“கொப்பி எங்கை?”

“கடையிலை. அக்கா வாற ஆக்களையும் கேட்டு எழுதுறா.”

பாராட்டு வரும் என்று நின்றேன். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். இரண்டு நாளுக்குப் பிறகு முதன்முறையாக. “தம்பி, மோட்டார்சைக்கிளை எடு” என்றார். சித்தப்பாவின் மோட்டார்சைக்கிளை ‘தகரப்பேணி’ என்று சொல்லி அதில் ஒரு நாளும் ஏறாத மனிதர், ஈரக்காலோடு பின்னால் ஏறி, சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். நடந்தால் ஐந்து நிமிடத் தூரம். போகும்போது கயிறு சில்லில் சிக்கி அறுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட தாள்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளில் இருந்திருக்கின்றன. அந்தத் தாள்களில் இருந்த பெயர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் எங்களுக்கு முன்னால் கதைக்கமாட்டார்கள். அந்தக் கடைக்குச் சோடா குடிக்க வந்து, ஒழுங்கையில் புதிதாக யாரும் இருக்கிறார்களா என்று சிரித்தபடி விசாரித்துப் போகிறவர்களும் உண்டு. ஆட்சி மாறி இரண்டு நாள். யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. இதெல்லாம் நான் பிறகு வாசித்தும் கேட்டும் அறிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, என் கொப்பியை எடுக்க இரண்டு பெரிய மனிதர்கள் பறந்து போகிறார்கள் என்பது மட்டும்.

அவர்கள் திரும்பி வந்தபோது இருட்டவில்லை. கொப்பி அப்பாவின் சேட்டுக்குள் இருந்தது. வாங்கித் திறந்து பார்த்து நான் குளறி அழுதேன். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் எழுதிய பகுதி மேலிருந்து கீழ்வரை கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நேராக, கவனமாக. காரணங்கள் அப்படியே இருந்தன. அரசியலமைப்பு, தென்னை, திருப்பிக் கேட்கலாம். சொன்னவர்கள்தான் இல்லை. அட்டையிலும் என் பெயரும் பாடசாலையும் இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. முழுக் கொப்பியிலும் ஒரே ஒரு பெயர் மிஞ்சியிருந்தது. கடைசி வரியில், ‘மூஞ்சி அலுத்துப்போச்சு’ என்பதற்குப் பக்கத்தில், அந்தக் கடைக்கார அக்காவின் பெயர். அதை வெட்டாமல் கத்தரிக்கோல் சுற்றிப் போயிருந்தது.

“என்ரை கொப்பியை அவ தன்ரை ஆக்கிப்போட்டா!” என்று அழுதேன்.

அடி விழவில்லை. ஏச்சும் இல்லை. சித்தப்பா என் தலையைத் தடவினார். அப்பா, “இனிமேல் ஆரையும் கேட்டு எழுதாதை மோள்” என்றார். பிறகு இருவரும் அறுந்த கயிற்றைச் சுருட்டியபடி மெல்லிய குரலில் கதைத்தார்கள். யார் யார் பெயர் இருந்தது, எந்த வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பாவின் கட்சிக்காரர் வீடுகளுக்குச் சித்தப்பா போனார். சித்தப்பாவின் நண்பர்களிடம் அப்பா போனார்.

பொங்கல் ஒரே பானையில்தான். கதியால்கள் பின்வேலிக்குப் போய், இன்றைக்கு நிழல் தரும் மரங்களாகிவிட்டன. அதற்குப் பிறகு 2019இலும் 2024இலும் ஜனாதிபதித் தேர்தல்கள் வந்தன. இரண்டு முறையும் சனம் ஏன் அப்படிப் போட்டது என்று அப்பாவும் சித்தப்பாவும் அதே கிணற்றடியில் முரண்டு பிடித்தார்கள். 2015 பற்றியே அவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கேட்டுக்கொண்டிருக்க எனக்குச் சுகமாக இருக்கிறது.

அந்த ஒரு பெயர் ஏன் வெட்டப்படவில்லை என்று நான் கம்பஸ் போகிற வயதில்தான் அம்மா சொன்னார். அன்று அப்பா கடையில் அதையும் வெட்டச் சொன்னாராம். அக்கா விடவில்லையாம். “பேர் இல்லாத கொப்பியெண்டால், எழுதினது ஆர் எண்டு தேடுவாங்கள் அண்ணை. கேட்டால் என்ரை எண்டு சொல்லுறன். பிள்ளையின்ரை பேர் ஏன்?”

போன மாதம் கடைக்குப் போய், இத்தனை வருடம் பிந்திய நன்றியைச் சொன்னேன். அக்காவின் தலைமயிர் நரைத்திருந்தது. அதே சிரிப்பு. “எந்தக் கொப்பி? எனக்கொண்டும் ஞாபகமில்லை. சீனி எத்தினை கிலோ?” என்றார். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு படுக்கப் போகுமுன் நான் அதில் கடைசியாக ஒரு வேலை செய்தேன். அதுவும் அப்படியே இருக்கிறது. கடைக்கார அக்காவின் பெயரைச் சிவப்புப் பேனையால் வாசிக்க முடியாதபடி அடித்து அழித்திருக்கிறேன். அட்டையிலுள்ள ஓட்டைக்குக் கீழே, இது யாருடைய கொப்பி என்று இனி ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, என் முழுப்பெயர், வகுப்பு, பாடசாலை, திகதி எல்லாவற்றையும் அழகான கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.