நடுவில் மாறிய எழுத்துகள்

இது நடந்தது. என் கண்முன்னால், மதியம் 2.10க்கும் 2.43க்கும் இடையில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிக்காதீர்கள். இருட்டே இல்லை. பட்டப்பகல், தலைக்கு மேல் நான்கு குழல்விளக்குகள்.

வழக்குகளுக்கு வரும் கேமரா பதிவுகளைச் சோதிப்பது என் வேலை. பதிவை யாரும் வெட்டி ஒட்டவில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ஹாஷ். பதிவைக் கொடுத்தால் கணினி எழுத்தும் எண்ணுமாக அறுபத்து நான்கு கொண்ட ஒரு வரியைத் தரும். பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி அடியோடு மாறிவிடும். கைப்பற்றிய அன்று வந்த வரியே இன்றும் வந்தால் பதிவு அசல். முதல் நான்கையும் கடைசி நான்கையும் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பழக்கம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார் என் மேலதிகாரி.

அன்று கடைசிச் சோதனைக்கு வந்தது ஒரு கொலைப் பதிவு. ஒருவன் தன் மனைவியைச் சுத்தியலால் ஏழு முறை அடித்துக் கொல்கிறான். வீட்டில் அவனே மாட்டிய கேமராவில் எல்லாம் விழுந்திருந்தது. வேறு சாட்சி இல்லை. மறுநாள் நீதிமன்றத்தில் ஹாஷ் பொருந்தாவிட்டால் அவன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

இறந்தவளின் அக்கா காலையிலிருந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

2.10. வரி வந்தது. முன் நான்கு சரி. பின் நான்கு சரி. பேனாவை எடுத்தேன்.

“முழுசா பாத்துட்டீங்களா சார்?” கதவருகே அந்த அக்கா.

“பாத்தாச்சும்மா. போய் உக்காருங்க.”

போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. நடு எழுத்துகளைப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மாறினால் எல்லாம் மாற வேண்டும். முன்னும் பின்னும் அப்படியே நிற்க, நடு மட்டும் மாற வழியே இல்லை. பதிவு இருந்த வட்டில் எதுவும் எழுத முடியாதபடி தடுப்புப் பெட்டி வேறு மாட்டியிருந்தேன்.

2.19. மறுபடி ஓட்டினேன். நடு எழுத்துகள் இப்போது வேறு மாதிரி. பதிவைத் திறந்தேன்.

பல முறை பார்த்த பதிவு. முதல் அடியிலேயே அவள் விழுவாள். அன்று விழவில்லை. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிய, நின்றபடியே அவனைப் பார்த்தாள். நான்காவது அடியில்... சுத்தியலைப் பிடித்துவிட்டாள்.

2.28. மூன்றாவது முறை. மீண்டும் வேறு வரி. பதிவைத் திறந்தேன்.

சுத்தியல் அவள் கையில். அவன் தரையில்.

டக்.

அந்தக் கேமராவில் ஒலிப்பதிவே கிடையாது.

டக்... டக்...

தாடை பெயர்ந்தது. விரல்கள் நசுங்கின. அவன் கும்பிட்டான். அவள் நிறுத்தவில்லை.

டக்.

நிமிர்ந்தாள்.

கேமராவைப் பார்த்தாள்...

என்னை.

வயரைப் பிடுங்கினேன்.

2.43. முருகா முருகா என்று மீண்டும் மாட்டி ஓட்டினேன். அறுபத்து நான்கும் பொருந்தின. பதிவில் பழையபடி அவள் முதல் அடியில் விழுந்தாள்.

3.05க்கு மேலதிகாரி போன் செய்தார்.

“நாளைக்கு நீ வர வேணாம்பா. ஆளு போயிட்டான்.”

“யாரு?”

“அந்தப் புருஷன்காரன். ஜெயில்ல மண்டை பொளந்து கெடக்கானாம். பூட்டுன அறை. தனியாதான் இருந்திருக்கான்.”

வாசலுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் அழவில்லை.

“சின்னதுலயே அப்படித்தான் சார். யாராவது அடிச்சா, திருப்பி அடிச்சிட்டுதான் வீட்டுக்கு வருவா.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து நாள் கழித்துச் சிறை அறையின் பதிவு என் மேசைக்கு வந்தது. அறையில் அவன் மட்டும். எதிரே யாருமில்லை. கும்பிடுகிறான்... தலை தானாகப் பிளக்கிறது. காவலர்கள்தான் அடித்துவிட்டுப் பதிவிலிருந்து தங்களை அழித்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டேன். அந்தக் கேமரா, பதிவாகும்போதே ஹாஷைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். காவலர்களால் அதைத் தொட முடியாது. கடவுளே, இது மட்டும் பொருந்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

எல்லாம் பொருந்தின. இந்தப் பதிவிலிருந்து யாரும் எதையும் அழிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.