விளக்கடியில் நிண்டுபோன கொம்பியூட்டர்

நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவள். எழுத்துச் சீராக வராது, மறதியும் இருக்கு. பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ரை மனுசன் மோசம்போய், செத்த முப்பத்தோராம் நாள் செய்யிற அந்தியேட்டிக் கிரியை நெருங்கின நேரம், அவரின்ரை நினைவாக எழுதி அச்சடிச்ச கல்வெட்டுப் புத்தகத்துப் பாட்டுகளை நான் ராகத்தோடை படிச்சுப் பதிஞ்சு அனுப்பவேணும் எண்டு, வரமுடியாத வெளிநாட்டு மகன் கேட்டான். மகள் தன்ரை கொம்பியூட்டரிலை பதிய ஆயத்தப்படுத்தினாள். அவரைப் பார்த்துப் படிக்க நினைத்து, நான்தான் அதைத் தூக்கி அவரின்ரை படத்துக்கு முன்னால் எரியிற விளக்கடியிலை வைத்தேன்.

முதல்தரம் அழுதழுது படித்தேன். கடைசிப் பாட்டிலை கொம்பியூட்டர் நிண்டுபோச்சு. பதிந்தது ஒண்டும் மிஞ்சேல்லை. இரண்டாம் தரமும் அப்படியே.

"அப்பா இருக்கேக்கையும் உங்களைப் பாட விடேல்லை, இப்பவும் விடுறாரில்லை," எண்டாள் மகள். பிறகு கொம்பியூட்டரைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ அம்மா, விளக்குச் சூட்டையெல்லாம் இது உள்ளுக்கு இழுக்குது!" எண்டு மற்ற அறைக்குக் கொண்டுபோனாள்.

அங்கே நிற்காமல் பதிந்தது. ஆனால் எனக்கு அழுகை வரேல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிப் படித்தேன். அதுதான் மகனுக்குப் போனது.

இப்ப எதைப் பதிந்தாலும் நெருப்பிலையிருந்து தள்ளி, வெறும் மேசையிலைதான் வைப்பிப்பேன். ஒவ்வொரு பாட்டு முடியவும் சேமிக்கச் சொல்லுவேன். விளக்குச் சூடுதான் காரணமோ, வேறை ஏதுமோ எண்டு விவரம் தெரிஞ்ச ஆராவது பார்த்து எழுதுங்கோ.