புதுப் பாத்திரத்தின் முதற் கொதி

காலை ஏழு மணி நாற்பது. வோபர்னில் அக்கா வீட்டுப் பேஸ்மென்ட் படியில் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டவை மூன்று வெறும் பால் பைகள். சிங்க் ஓரத்தில் நுனி வெட்டிய நிலையில் கிடந்தன. பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஓர் எவர்சில்வர் பாத்திரம், முந்தைய நாள் பெட்டியிலிருந்து எடுத்த பளபளப்போடு நின்றது. அதன் நெற்றியில் விபூதிக் குறி, நடுவே குங்குமப் பொட்டு, அதற்குச் சற்றுக் கீழே சிவப்பு எண்களில் வெப்பநிலை. அக்கா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் அவளுக்குப் பின்னால், பியருக்கான பார்லி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல நின்றார்.

"புதுப் பாத்திரத்தில முதல் முதல் பியரோ? எந்த வீட்டில நடக்கும் உது?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். மூன்று பையும் சேர்ந்த நான்கு லீட்டர் பால் அவ்வளவு பெரிய பாத்திரத்தில் பொங்கி வழியாது என்பதை மட்டும் அத்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். பாதிக் கோடு வரை எழும்பினாலே காணும் என்று அக்கா தீர்ப்பளித்தாள். பால் எழும்பியது. பாயசத்துக்கென்று அவள் அதை வாளியில் எடுத்துக்கொண்டு மேலே போனாள். அத்தான் இரண்டு தடவை வெந்நீர் விட்டுக் கழுவினார். பாத்திரத்தின் அடியில், கொதிநீரைச் சுற்றிவிடுகிற சிறிய பம்ப் இருந்தது. அதை அவர் கழற்றவில்லை. நானும் அருகில்தான் நின்றேன்.

அத்தான் லிஃப்ட் திருத்துகிறவர். "அளக்காமல் செய்யிற வேலை விழுந்து நொறுங்கும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். அப்படிப்பட்டவர் ஐந்து வருடம் பெரிய சோற்றுக் கிடாரத்தில், கையால் கிண்டி, சூட்டை ஊகித்து பியர் காய்ச்சினார். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு போத்தல் வரும். தமிழ் வார இதழ் ஒன்றில் இருபது வருடம் அச்சுப் படி திருத்தியவன் நான். "பிழை பிடிக்கிறதுதானே உன்ர தொழில், குடிச்சுப்போட்டுச் சொல்லு மச்சான்" என்பார். ஒன்று நனைந்த அட்டைப்பெட்டி போல இருந்தது. இன்னொன்று மூடியைத் திறந்ததும் கூரையைத் தொட்டது. எதையும் நான் முழுதாகக் குடித்ததில்லை. அந்தப் புதுப் பாத்திரம் சூட்டை ஒரு பாகையும் தவறாமல் பிடித்து வைக்கும் என்று அவர் நம்பினார். கசப்புக்குத் தோடம்பழ வாசனையுள்ள புது ஹொப்ஸ் பூ வாங்கியிருந்தார். கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுவதற்கு ஓர் ஓலைக் குட்டான் பனங்கட்டியும் தயாராக இருந்தது.

அந்தக் காய்ச்சுதலின் மீது ஓர் ஒப்பந்தம் இருந்தது. அக்காவிடம் தையல் பழக ஐந்து பெண்கள் கேட்டிருந்தார்கள். தனி வாசலும் நல்ல வெளிச்சமும் உள்ள இடம் பேஸ்மென்ட் மட்டும்தான். மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், அத்தானின் பியர் கூட்டாளிகள் நான்கு பேர் வருவார்கள். அவர்களில் இரண்டு பேராவது இரண்டாவது கிளாஸ் கேட்டால் இடம் அவருக்கு. இல்லையென்றால் பாத்திரம் உட்பட எல்லாம் விற்பனைக்கு. "அவை வாய் திறந்து கேக்கவேணும். நீங்கள் ஓடிப்போய் ஊத்தக்கூடாது" என்று அக்கா நிபந்தனை போட்டாள். அத்தான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இந்த முறை தோற்பேன் என்று அவர் நினைக்கவே இல்லை.

அந்த ஞாயிறு முதல் கிளாஸை ஊற்றியபோது நிறம் அருமையாக இருந்தது, கடுந்தேன் நிறம். பனங்கட்டி வாசனை மேசை முழுக்கப் பரவியது. ஆனால் நுரை எழுந்த வேகத்திலேயே அடங்கியது. ஆறின தேத்தண்ணீர் போல மேற்பரப்பு தட்டையாகக் கிடந்தது. கூட்டாளிகளில் மூத்தவர், மட்டக்களப்புக்காரர், பஸ் மெக்கானிக், கிளாஸைச் சாளரத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ருசி திறம் ஐசே. ஆனா நுரை செத்துப்போச்சு. எண்ணெய், நெய், பால் ஏதும் உதுக்குள்ள பட்டதோ?"

அத்தானின் முகம் மாறியதை நான் கண்டேன். பம்ப் அவருக்கு அந்தக் கணத்தில் ஞாபகம் வந்துவிட்டது. அக்கா வடைத் தட்டோடு படியில் நின்றாள்.

"இல்லையண்ணை" என்றார் அத்தான். "பனங்கட்டியின்ர வேலையா இருக்கும்."

எல்லாரும் மரியாதையாகக் குடித்து முடித்தார்கள். யாரும் இன்னொன்று கேட்கவில்லை. ஊர்ப் பிழையெல்லாம் திருத்திய எனக்கு, அந்த ஒரு பிழையைத் திருத்த உரிமை இல்லை என்று தோன்றியது. லிஃப்ட் திருத்துகிறவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இன்று அவரை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பதும் அந்த "இல்லையண்ணை"தான்.

அக்கா தட்டை மேசையில் வைத்தாள்.

"பால் பட்டதுதான் அண்ணை. உதில முதல் பால் காய்ச்சினது நான்."

மட்டக்களப்புக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார். "பியர்ச் சட்டிக்குப் பால் காய்ச்சின முதல் ஆள் நீங்கதான் தங்கச்சி."

"புது வீடு குடிபூரேக்க பால் காய்ச்சிறேல்லையோ? அதுபோலதான்" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பிறகு அத்தானிடம் திரும்பினாள். "நீங்கள் ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்? நான் பொய்யில வெண்டு இடம் எடுக்கமாட்டன். இந்த முறை கணக்கில்லை. திரும்பக் காய்ச்சுங்கோ."

அன்று பின்னேரமே அத்தான் பம்பைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக, நகத்தளவு பாலாடை ஒட்டியிருந்தது. அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைகழுவினாள். அடுத்த சனிக்கிழமை அதே பனங்கட்டி, அதே ஹொப்ஸ், பால் மட்டும் இல்லை. மூன்று கிழமை கழித்து அதே நான்கு பேர் வந்தார்கள். நுரை இரண்டு விரல் உயரத்துக்கு எழுந்து, கிளாஸ் பாதியாகும்வரை இறங்காமல் நின்றது. மட்டக்களப்புக்காரர் வெறும் கிளாஸை மேசையில் தட்டி, "இன்னும் ஒண்டு" என்றார். அவருக்குப் பின்னால் மற்ற மூவரும் கேட்டார்கள். அக்கா படியில் நின்று விரல் மடித்து எண்ணினாள். நானும் அன்றுதான் ஒரு கிளாஸை முழுதாகக் குடித்து முடித்தேன்.

தையல் வகுப்பு இப்போது செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் நடக்கிறது.