கவ்வாத்துக் கத்தியோடு வந்த அப்பா

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கிழவியாக நடிக்கப் போயிருந்தேன். மழைக் காட்சிக்காக நனைந்த கம்பளி ஒன்றைத் தலையில் போர்த்தினார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் வசனம் மறந்துபோனது. மேடையும் சினிமாவுமாக நாற்பது வருடம் நடித்தவள் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் தலவாக்கலைத் தோட்டத்தில் வெள்ளைக்கார துரை இருந்த காலம். பள்ளிக்கூட நாடகத்தில் நான் ராணி. "பொம்பளப் புள்ள மேடையேறினா கால ஒடச்சிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா அவருக்குத் தெரியாமல்தான் தன் கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டு அனுப்பினாள்.

பாதி வசனத்தில் அப்பா வாசலில் நின்றார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் போர்த்தியிருந்த கம்பளியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. கையில் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி வந்தார். எனக்கு ஓட வழியில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு மிச்ச வசனத்தைக் கத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது, அவர் மேடைக்குக் கீழே எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அழுதுகொண்டே கேட்டேன்: "அடிக்கப் போறீங்களாப்பா?"

"அத்தன பேரும் உன்னையவே பாத்தாங்க, புள்ள. எனக்குப் பயமாப் போச்சு."

அதன்பிறகு தோட்டத்தில் நான் நடித்த எல்லா நாடகங்களுக்கும் அப்பா வந்தார். ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.